கொழும்பில் ஒரு நல்ல இத்தாலிச் சாப்பாட்டுக் கடை

ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் பயணம் சொல்லி, வீடு வீடாக விருந்து தின்று, பள்ளிவாசலில் துஆ ஓதி பஸ் ஏற்றிவிட்ட பிறகும் ஹாஜியார் ஆகாமல் திரும்பி வந்த மனிதர் கல்முனையில் ஒருவர்தான். அவர் பெயர் மீராமுகைதீன். கிடாரத்தார் என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் ஆளை விளங்கும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார் ஒருவர். பிளேனைக் கண்டதும் கால் நடுங்கி ஓடிவந்துவிட்டார் என்பார் இன்னொருவர். வாய் இருக்கிறதென்று கதைக்கிறார்கள், வேறென்ன. உண்மையைச் சொல்ல வேண்டியவரோ வாயே திறப்பதில்லை. சந்தைக்கு வந்தால் மீனைக் காட்டுவார், தலையை ஆட்டுவார், வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அப்படிப்பட்ட மனிதரா அவர் ஒரு காலத்தில்? மருதமுனை முதல் அட்டாளைச்சேனை வரைக்கும் அவருடைய கிடாரம், அந்தப் பெரிய சமையல் அண்டா, அடுப்பில் ஏறாத கலியாண வீடு இல்லை, அவர் குரல் கேட்காத தெருவும் இல்லை. பத்துப் பேர் கதைக்கிற இடத்தில் அவர் ஒருவர் கதைத்தால் போதும், மற்ற ஒன்பது பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆக்கிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டாரின் கஞ்சத்தனத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கே கேட்கச் சொல்லுவார். வரம்பில்லாத வாய் என்று அவருடைய பெண்சாதி சரீபாவே சொல்லுவாள். ஆனாலும் கூப்பிட்டார்கள். கை அப்படி.

அவருடைய கைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நெய் காய்ந்ததும் முதலில் றம்பை இலையை நீளவாக்கில் கிழித்து, வளையமாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு அதற்குள் இடுவார். வெங்காயம் அதன் பிறகுதான். பரிமாறுவதற்கு முன்னால் அந்த முடிச்சை எடுத்து எறிந்துவிடுவார், மணம் மட்டும் நிற்கும். இறைச்சியோ மீனோ மரக்கறியோ, எல்லாவற்றுக்கும் இதுதான். ஆக்கியதை வாயில் வைத்துப் பார்க்கவும் மாட்டார். நோன்புக் காலத்தில் ஆக்கிப் பழகியவனுக்கு மூக்குப் போதும் என்பார்.

பிறகு தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு கிடாரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். எங்கள் ஊர்க் கலியாணத்தில் சாப்பாடு சஹனில் வரும். பாயை விரித்து, நடுவில் பெரிய தட்டத்தை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் கை வைத்துத் தின்பார்கள். முதல் சஹனில் இருக்கிற மூத்தவர் ஒரு பிடி தின்றுவிட்டுத் திரும்பி "நல்லம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வரும்வரைக்கும் கிடாரத்தார் இருக்கவும் மாட்டார், தண்ணீர் குடிக்கவும் மாட்டார். வந்துவிட்டதோ, அதன்பிறகு அவரைப் பிடிக்க ஏலாது.

அவருடைய ஒரே மகன் ஹஸன். எழுபத்தொன்பதாம் ஆண்டு அவன் லிபியாவுக்குப் போனான். அங்கே ஒரு இத்தாலிக் கம்பெனி பாலைவனத்துக்குள் றோட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொழிலாளர் காம்பின் குசினியில் சட்டி கழுவப் போனவன், இத்தாலிக்காரர்களுக்கே ஆக்கிப் போடும் கோக்கியாக வந்துவிட்டான். கொதித்த எண்ணெய் தெறித்து இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பெரிய வடு. அவன் உழைத்து அனுப்பிய காசில்தான் தங்கச்சி சுல்பிகாவுக்குச் சீதன வீடு எழும்பியது. எண்பத்துநாலில் அவளுடைய கலியாணத்துக்கென்று ஊர் வந்தான்.

கலியாணத்துக்குக் கிடாரத்தாரே ஆக்கினார். சொந்த மகளுக்கு வேறு யாரை விடுவார்? ஹஸன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வாப்பா, ஒரு சட்டி மட்டும் நான் ஆக்கட்டா? அங்க பழகினது."

"என்னமும் செய்," என்றார் அவர். கலியாண வீட்டு அவசரத்தில் அதற்கு மேல் காது கொடுக்கவில்லை.

அவன் பெட்டியில் கொண்டுவந்திருந்த மக்கரோனியை அவித்து, தக்காளிப் பழத்தை வெங்காயத்தோடு வதக்கிச் சிவப்பாக ஒரு குழம்பு காய்ச்சி, அதில் பிரட்டி எடுத்தான். ஒரு சஹனில் போட்டு, கிடாரத்தாரும் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர்களும் இருந்த பாயில் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு, தோளில் துவாயோடு, வாப்பா நிற்கிற மாதிரியே சுவரோரமாக நின்றான்.

கிடாரத்தார் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். றம்பை மணந்தது. தன்னுடைய முடிச்சு, தன்னுடைய பதம், ஆனால் தனக்குத் தெரியாத ஒரு உணவு. அது நல்லாக இருந்தது. நல்லாக இருந்தது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அது எரிச்சல்தான், பெற்ற பிள்ளையின் மேல் வந்த எரிச்சல். தன் கையை விட அவன் கை மேலே போய்விட்டது என்று ஒரே பிடியில் அவருக்கு விளங்கிவிட்டது.

"இதென்ன, புழுவ அவிச்சுக் கொண்டாந்து வச்சிரிக்கான்," என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு சஹனை விட்டு எழும்பினார்.

மற்றவர்கள் தின்று முடியாமல் சஹனிலிருந்து எழும்புவது என்றால் எங்கள் ஊரில் அது சின்னக் காரியம் இல்லை. கன்னத்தில் அறைந்தால்கூட மறந்துபோகும். கிடாரத்தார் எழும்ப, மற்ற ஐந்து பேரும் எழும்பினார்கள். சபை முழுக்கச் சிரித்தது. கிடாரத்தாரோடு தொழில் போட்டியில் இருந்த கலந்தர்தான் எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தார்.

ஹஸன் சஹனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் கோழிகளுக்குக் கொட்டினான். சட்டியைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான். அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் எங்கள் கரையில் தமிழனும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டார்கள். காரைதீவைத் தாண்டிப் போக ஆளில்லை. பிறகு ஆமி, பிறகு சுற்றிவளைப்பு. மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு படுத்த காலம் அது. சரீபா மட்டும் "என்ட மனே எங்க கிடந்து உலையிறானோ" என்று அடுப்படியில் இருந்து அழுவாள். கிடாரத்தார் கேட்காத மாதிரி இருப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு, சவளக்கடையில் இருந்த வயலை விற்று ஹஜ்ஜுக்கு எழுதினார். எழுதியவர் பயணம் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தான் மனம் நோகச் செய்த ஆட்களிடமெல்லாம் நேரில் போய், "ஏதும் குத்தங் குறை இரிந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க" என்று கேட்டு, அவர் வாயால் "பொறுத்தேன்" என்று வாங்க வேண்டும். கிடாரத்தாரின் வாய்க்கு அது சின்ன வேலையா? தெருத் தெருவாக அலைந்தார். மீன்காரனிடம் கேட்டார். மில்காரரிடம் கேட்டார். கடைசியில் கலந்தரின் படியும் ஏறினார்.

"அது கிடக்கட்டும் காக்கா, நான்தான் உங்களுக்கிட்டக் கேக்கணும்," என்றார் கலந்தர். "ஆனா ஒண்டு சொல்றன். அண்டைக்கு ஹஸன் ஆக்கினது நல்லாத்தான் இரிந்திச்சு. கோழிக்குக் கொட்டினதில ஒரு புடி எடுத்து நான் திண்டு பாத்தன்."

கிடாரத்தாருக்கு முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வந்தபோது சரீபா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் போய்க் கேட்டுட்டு வந்திட்டீங்க. பெத்த புள்ளைட்டக் கேட்டீங்களா?"

"வாப்பா புள்ளைட்ட மாப்புக் கேக்கிறதா? ஆரும் கேட்டாச் சிரிப்பாங்க."

"அண்டைக்குச் சிரிச்சத விடவா? புள்ள எண்டா மனிசன் இல்லையா? அவன் பொறுக்காம நீங்க கஃபாவப் போய்ப் பாத்து என்ன, பாக்காம வந்து என்ன."

அன்று பின்னேரமே அவர் மகனை விசாரிக்கப் புறப்பட்டார்.

ஹஸன் எங்கே என்று தெரிந்தது ஒரே ஒரு வழியால்தான். புடவைக்கடை மீராசா சாமான் எடுக்கக் கொழும்பு போனபோது அவனைத் தெருவில் கண்டிருந்தார். 'கொழும்பில ஒரு நல்ல இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில கோக்கியா இரிக்கன் எண்டு வாப்பாட்டச் சொல்லுங்க' என்று சிரித்துச் சொன்னானாம். எந்தத் தெரு, எந்தக் கடை என்று மீராசாவும் கேட்கவில்லை. இது போதாதா, கொழும்பில் கேட்டால் சொல்லுவார்கள் என்று நினைத்தார் கிடாரத்தார். பிளேனுக்குச் சில நாட்கள் முந்தியே வெளிக்கிட்டு, ஹஜ் உடுப்புப் பெட்டியோடு மருதானையில் ஒரு லொட்ஜில் போய் இறங்கினார். அதை நடத்தியவர் அட்டாளைச்சேனை ஸைனுலாப்தீன். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் தங்குகிற இடம்.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. வடக்கு, கிழக்கு என்று சொன்னாலே ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். கிழக்கு ஆட்களை வேலைக்கு வைத்திருந்தால் தங்களுக்கு வில்லங்கம் என்று முதலாளிமாருக்குப் பயம். ஸைனுலாப்தீன் முதல் நாளே சொன்னார்.

"காக்கா, போற இடமெல்லாம் கல்முனை கல்முனை எண்டு கத்தாதீங்க. காலம் சரியில்ல."

"நான் என்ன களவெடுத்தனா? என்ட ஊரச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?"

சொன்னவர் பிறகு சொல்லவில்லை. கேட்கிற ஆளுக்கல்லவா சொல்லலாம்.

இத்தாலிச் சாப்பாட்டுக் கடை என்பது சோற்றுக் கடை மாதிரி சந்திக்குச் சந்தி இருக்கும் என்று நினைத்துப் போனவருக்குக் கொழும்பே சிரித்தது. கேட்ட ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு சாப்பாடு இருப்பதே தெரியாது. ஒரு டாக்சிக்காரன் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் கொண்டுபோய் இறக்கினான். சாரமும் தொப்பியுமாக நின்றவரைக் காவற்காரன் படியிலேயே மறித்தான். தேடித் தேடிப் பார்த்ததில் நகரம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகள்தான் இருந்தன. கொம்பனித்தெருவில் ஒன்று, பம்பலப்பிட்டியில் ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று, இப்படி.

ஒவ்வொரு கடையிலும் வாசலில் நின்று ஒரே பாட்டைப் படித்தார். தண்ணீர் கொடுத்தால் குடித்தார், சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பன்றிக் கொழுப்பும் சாராயமும் சேர்ப்பார்கள் என்று கேள்வி. கடைசியாகப் போனது கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்த ஒரு கடை. மேசைக்கு மேசை சிவப்புக் கட்டம் போட்ட துணி. வெள்ளைக்காரர்கள் இருந்து தின்றுகொண்டிருந்தார்கள். தங்கக் கண்ணாடி போட்ட முதலாளி எழும்பி வந்து, கொழும்புத் தமிழில் மரியாதையாக விசாரித்தார். தண்ணீரும் கொடுத்தார்.

அந்த மரியாதையில் கிடாரத்தாரின் வாய் நன்றாகத் திறந்துகொண்டது.

"நான் கல்முனை. கிடாரத்தார் எண்டா அங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். என்ட மகனத் தேடி வந்திரிக்கன். பேர் ஹஸன். லிபியாவில அஞ்சு வருசம் நிண்டவன். இந்தா, இடது கையில முழங்கையில இரிந்து இஞ்ச வரைக்கும் சுட்ட வடு."

"லிபியாவிலயா?" என்று கேட்டார் முதலாளி.

"ஓம். லேசுப்பட்ட ஆளில்ல என்ட மகன்."

முதலாளி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடி ஆள் இங்க இல்ல," என்றார். "கெடச்சா சொல்றேன். எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டும் வைத்தார். கிடாரத்தார் அதையும் சொன்னார். கொழும்பில் இவ்வளவு தன்மையான மனிதரா என்று லொட்ஜுக்கு வந்து ஸைனுலாப்தீனிடம் புகழ்ந்தார். ஸைனுலாப்தீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் பொலீஸ் லொட்ஜுக்கும் வந்து எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்தது. ஹஜ் கடவுச்சீட்டைக் கண்டதும் கிடாரத்தாரை விட்டுவிட்டார்கள். அது வழக்கமான சோதனை என்று அவர் நினைத்தார்.

பிளேன் நாள் கிட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாட்களாக லொட்ஜின் கட்டிலில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஸைனுலாப்தீனுக்கே மனம் பொறுக்கவில்லை.

"காக்கா, கேட்டா ஆரு சொல்லுவான்? காலம் அப்பிடி. அவன் பேரையும் மாத்தி வச்சிரிப்பான். நீங்க சமையல்காரன்தானே, போய்ச் சாப்பிட்டுப் பாருங்களன். உங்கட மகன்ட கை உங்களுக்குத் தெரியாதா?"

கிடாரத்தார் எழும்பி உட்கார்ந்தார். இந்தப் புத்தி தனக்கு வரவில்லையே என்று இருந்தது. இறைச்சி இல்லாமல், சாராயம் இல்லாமல், தக்காளிக் குழம்பு மட்டும் என்று கேட்டுத் தின்பது என்று முடிவெடுத்தார். தின்றால்தான் மகன் கிடைப்பான் என்றால் தின்னத்தானே வேண்டும்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கொம்பனித்தெருக் கடையில் குழம்பு சீனிப்பாகாக இனித்தது. இது என் மகன் இல்லை. பம்பலப்பிட்டியில் தகர டின்னின் மணம். இதுவும் இல்லை. கடற்கரைக் கடையில் முள்ளுக்கரண்டியைக் கொடுத்தார்கள். நூல் நூலாக வழுக்கி ஓடியதை அதனால் பிடிக்க ஏலாமல், கையாலேயே சுருட்டித் தின்றார். பக்கத்து மேசைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. மூக்கும் நாக்கும் ஹஸனைத் தேடிக்கொண்டிருந்தன.

கொள்ளுப்பிட்டிக் கடைக்குள் கால் வைத்ததும் றம்பை மணந்தது.

முதல் தரம் வந்தபோது அந்தக் குழம்பு அடுப்பில் ஏறாத நேரம் போல. இப்போது குசினிக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தரமும் அந்த மணம் வந்தது. நெய்யில் பொரிந்த றம்பை, பிறகு வெங்காயம், பிறகு தக்காளி. முதலாளி யாரோ வெள்ளைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். கிடாரத்தார் மேசையில் இருந்து, சிவப்புக் குழம்பில் ஒரு பீங்கான் கேட்டுவிட்டு, கை கழுவப் போகிற சாட்டில் பின்பக்கம் போனார். குசினிக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் ஒரு நடுவயதுப் பெண்.

"தங்கச்சி, இஞ்ச கோக்கி ஆரு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. "கையக் கழுவிக்கிட்டே கதையுங்க. என்னைப் பாக்காதீங்க," என்றாள். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. "நீங்க கிடாரத்தார் தானே? கல்முனைச் சந்தையில உங்களக் கண்டிரிக்கன். என்ட பேர் அன்னப்பிள்ளை. பாண்டிருப்பு. இஞ்ச சிலாபத்து ஆள் எண்டு சொல்லித்தான் நிக்கன்."

கிடாரத்தார் குழாயைத் திறந்தார்.

"ஹஸன் உள்ளுக்க இரிக்கானா?"

"இல்ல."

"மணக்குதே."

"கிழமைக்கொருக்கா ஒரு பெரிய சட்டி காய்ச்சி ஐஸ் பெட்டிக்குள்ள வைப்பார். அதச் சூடாக்கித்தான் குடுக்காங்க. இண்டையோட சரி."

"அவன் எங்க?"

அன்னப்பிள்ளையின் கத்தி நின்றது. பிறகு மறுபடி உரித்தது.

"பேருவளை எண்டு சொல்லி, வேற பேரில நிண்டவர். எனக்கு மட்டும்தான் தெரியும். அண்டைக்கு நீங்க வந்து கதைச்சது அடுப்படிக்குக் கேட்டது. உங்கட குரல் சும்மா குரலா? கரண்டியக் கீழ வச்சிட்டார். 'வாப்பா' எண்டு வெளிய வரப் போனவர், நான்தான் கையப் புடிச்சி நிப்பாட்டினன். முதலாளி நிக்கார், பின்னேரம் அவர் தங்கின இடத்துக்குப் போங்க எண்டன். பின்னேரம் முதலாளி அவரக் கூப்பிட்டு, சட்டைக் கையச் சுருட்டிக் காட்டச் சொன்னார். வடுவ நீங்க சொல்லிட்டீங்க. லிபியாவையும் சொல்லிட்டீங்க. அங்க போனவங்க எல்லாம் சுடப் பழகத்தான் போனவங்க எண்டு இவங்களுக்கு எண்ணம். விடிய ஜீப் வந்திட்டு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கிடாரத்தாரின் கை அதற்குக் கீழே அப்படியே நின்றது.

"எங்க கொண்டு போனாங்க?"

"ஆருக்குத் தெரியும்? எனக்குக் கேக்க ஏலுமா?"

"என்னைப் பத்தி ஏதும் சொன்னானா தங்கச்சி? பொறுத்தன் எண்டு, இல்ல, பொறுக்கமாட்டன் எண்டு... என்னமும்?"

"அப்பிடி ஒண்டும் சொல்லல்ல." அவள் யோசித்தாள். "ஒண்டே ஒண்டு கேட்டார். 'வாப்பா சாப்பிட்டாரா?' எண்டார். தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போறார் எண்டன்."

கிடாரத்தாரின் வாய் திறந்தது. கடைக்குள் போய் முதலாளியின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அந்த ஒழுங்கையே இடியக் கத்த வேண்டும் போல் இருந்தது. அதை விட, தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அன்னப்பிள்ளைக்கு அது விளங்கியது.

"காக்கா, உங்களக் கும்பிட்டுக் கேக்கன்," என்றாள், இன்னும் நிமிராமல். "நீங்க இப்ப கத்தினா என்னையும் கொண்டு போயிருவாங்க. எனக்குப் பொட்டப் புள்ளைகள் இரிக்கு. போய் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுட்டு இடையில எழும்பினா அந்த மனிசன் ஏனெண்டு யோசிப்பான்."

கிடாரத்தார் குழாயைப் பூட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பீங்கான் வந்திருந்தது. இருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தார்.

முதல் பிடியை மென்று விழுங்கினார். கண்ணீர் ஓடியது, தோள் துவாயால் துடைத்துக்கொண்டார், மறுபடி கையை வைத்தார். கலியாண வீட்டில் உதறிவிட்டு எழும்பிய அதே மணம், அதே பதம். லிபியாவிலிருந்து கொண்டுவந்ததும், தன் கையிலிருந்து அவன் கைக்குப் போனதும் ஒன்றாகக் கிடந்தன. இப்படி ஒரு கையை அவர் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு துண்டும் மிச்சம் விடாமல் பீங்கானை வழித்தார்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். அதே சிரிப்பு.

"சாப்பாடு நல்லமா?"

கிடாரத்தார் அவரை நிமிர்ந்து பார்த்தார். குசினிப் பக்கம் கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்லம்," என்றார்.

"மகன் கெடச்சாரா?"

"இல்ல."

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு கொழும்பிலும் சரி, கல்முனையிலும் சரி, பெரிதாக ஒன்றும் வந்ததில்லை.

அன்றைக்கே பொலீஸ் நிலையம் ஒவ்வொன்றின் படலையிலும் போய் நின்றார். இங்கே இல்லை என்றார்கள். பேருவளைக்காரன் என்று கேட்டும் பார்த்தார், கல்முனைக்காரன் என்று கேட்டும் பார்த்தார். இங்கே இல்லை. எங்கே இருக்கிறான் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் யாரும் சொல்லவில்லை. பொறுத்தேன் என்று சொல்ல வேண்டியவன் எங்கே என்று தெரியாமல் அவர் எப்படிப் பிளேன் ஏறுவார்? இப்போது பொறுக்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு.

மறுநாள் எங்கள் ஊர் ஹாஜிமார் வெள்ளை உடுத்துக் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஸைனுலாப்தீன் கூப்பிட்டுப் பார்த்தார். கிடாரத்தார் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை லொட்ஜிலேயே வைத்துவிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கொள்ளுப்பிட்டிக்கு நடந்தார். அதே மேசையில் இருந்து அதே சாப்பாட்டைக் கேட்டார். கொண்டுவந்து வைத்தார்கள். குனிந்து மணந்து பார்த்தார். புதிதாகக் காய்ச்சிய குழம்பு. றம்பை இல்லை.

அவர் எழும்பவில்லை. பீங்கான் முடியும்வரைக்கும் இருந்து தின்றுவிட்டுத்தான் எழும்பினார்.